கனிஷ்காவின் முன்மூளை

நாத்தனார் அமுதவல்லி வைக்கும் சாம்பாரைக் கழனித் தண்ணி என்று வசந்தாமணி சொன்னது ஒரே ஒருமுறை, அதுவும் தன் வீட்டு அடுப்படிக்குள். மகள் கனிஷ்கா அதை அத்தை வீட்டு விருந்தில், இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, அம்மா சொன்னதாகவே அத்தையிடம் சொல்லிவிட்டாள்.

திரும்பி வரும்போது காரில் வசந்தாமணி வாயே திறக்கவில்லை. அது நல்லதுக்கில்லை என்று தெரிந்து கனிஷ்கா முந்திக்கொண்டாள்.

"என் தப்பில்லீங்கம்மா. நெத்திக்குப் பின்னாடி முன்மூளைன்னு ஒண்ணு இருக்குது. நாக்கப் புடிச்சு நிறுத்தறது, செய்ய வேண்டியத ஞாபகம் வெச்சுக்கறது, நாளைக்கு என்னன்னு இன்னைக்கே யோசிக்கறது எல்லாம் அதோட வேலைங்க. அது முழுசா முத்தறதுக்கு இருவத்தஞ்சு வயசாயிருமாமா. டாக்டர் ஒருத்தரு வீடியோவுல சொன்னாருங்க."

"அப்படியா சாமி," என்றாள் வசந்தாமணி, ரொம்பக் கனிவாக. "அப்ப ஆஸ்டலையும் இருவத்தஞ்சுக்கு மேல பாத்துக்கலாம். அதுவரைக்கும் ஊட்டுல இருந்துட்டு, பக்கத்துக் காலேஜுக்கு பஸ்சுல போ."

காரை ஓட்டிக்கொண்டிருந்த அப்பா கதிர்வேல் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

கோயம்புத்தூர்க் கல்லூரியில் இடம் கிடைத்து, ஹாஸ்டல் கட்டிலுக்கு என்ன நிறத்தில் போர்வை என்பது வரை முடிவு செய்து வைத்திருந்தவள் கனிஷ்கா. தன் வாயால் தானே மாட்டிக்கொண்டாள். கெஞ்சிப் பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். கடைசியில் வசந்தாமணி கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"நாளைக்குக் கோழிகளுக்குத் தண்ணியில மருந்து. விடிஞ்சதும் தண்ணிய நிறுத்தறது உன் வேலை. மறந்தீன்னா ஆஸ்டலையும் மறந்துரு."

நாமக்கல்லை ஒட்டிய அந்த முட்டைக்கோழிப் பண்ணை, பேருக்குத்தான் கதிர்வேலுடையது. ஓடுவதெல்லாம் வசந்தாமணியின் தலைக்குள். தடுப்பு மருந்து வைக்கும் நாளில் காலையில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். தாகத்தில் தவிக்கும் கோழிகள், மருந்து கலந்த தண்ணீர் வந்ததும் மிச்சம் வைக்காமல் குடித்துவிடும். முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. அந்தத் தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது. இருந்தால் மருந்து செத்துப்போகும், வைத்தும் வைக்காதது போலத்தான்.

சாயங்காலம் கனிஷ்கா தொட்டி மேல் ஏறினாள். எந்த வால்வை மூட வேண்டும் என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளும் நல்ல எண்ணம்தான். மூடியைத் திறந்ததும் குளோரின் நெடி மூக்கில் ஏறியது.

வேறு யார், அம்மாதான். தினமும் தொட்டி நிறைந்ததும் குளோரின் ஊற்றிப் பழகிய கை, இன்று தலையைக் கேட்காமலே ஊற்றிவிட்டிருந்தது.

கனிஷ்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொட்டியையும் குழாய்களில் நின்றதையும் தென்னைகளுக்குத் திறந்துவிட்டாள். கழுவி, புதுத் தண்ணீர் நிறைத்தாள். மோட்டார் ஓடிய நேரம் முழுக்க ஒரு வாக்கியத்தைத் தீட்டிக்கொண்டிருந்தாள்: 'உங்க முன்மூளைக்கு எத்தன வயசாச்சுங்கம்மா?'

அதை வீசுவதற்கு வாய்ப்பும் தானாக வந்தது. தன் மகள் வீட்டுக்குப் போகும் வழியில் அமுதவல்லி அன்றிரவு தங்க வந்திருந்தாள். சாம்பார் வருத்தம் இன்னும் முகத்தில் இருந்தது.

"என்னமோ போ வசந்தா, உன்னாட்டம் எனக்கு ஞாபகசக்தி இல்ல," என்றாள் சாப்பிடும்போது.

"பண்ணையே என் ஞாபகத்துலதானுங்க அண்ணி ஓடுது. இன்னி வரைக்கும் ஒண்ணு தப்புனதில்லீங்க."

வாக்கியம் கனிஷ்காவின் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அம்மாவைப் பார்த்தாள். அத்தைக்கு முன்னால் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கனிஷ்கா ஒரு பெரிய சோற்று உருண்டையை எடுத்து வாயை அடைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மெதுவாத் தின்னு சாமி," என்றார் கதிர்வேல்.

விடிந்ததும் கனிஷ்கா தண்ணீரை நிறுத்தினாள். மருந்து கலக்க வந்த வசந்தாமணி தொட்டியைத் திறந்து மோந்து பார்த்தாள். நேற்று தன் கை செய்தது அப்போதுதான் நினைவுக்கு வந்து முகம் வெளுத்தது. மறுபடி மோந்தாள். நெடி இல்லை. தென்னை அடியில் சேறாகக் கிடந்த மண்ணையும், அங்கே நின்ற மகளையும் பார்த்தாள்.

"தண்ணிய நீயா மாத்துன?"

"ஆமாங்கம்மா."

"நேத்து வாயில சோத்த அடச்சுட்டு முழிச்சியே, அது எதுக்கு?"

"பசிங்கம்மா."

வசந்தாமணி முந்தானையால் மகளின் நெற்றியிலிருந்த தீவனத் தூசியைத் துடைத்துவிட்டாள். வேண்டியதற்கு மேலேயே துடைத்தாள்.

"ஆஸ்டல் சோறு வாய்ல வெக்க முடியாதுங்கறாங்க. போறப்ப ஊறுகா எடுத்துட்டுப் போ."

மருந்து வைத்துவிட்டு இருவரும் உள்ளே வந்தபோது, அமுதவல்லி தன் கையாலேயே சாம்பார் வைத்து, இட்லியில் தாராளமாக ஊற்றி முடித்திருந்தாள்.

"இன்னைக்கு எப்புடி இருக்குதுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

தாயும் மகளும் இட்லியைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

ஐம்பது வயதைத் தாண்டிய கதிர்வேல் நிதானமாக ஒரு வாய் வைத்தார். "வசந்தா சொன்னது செரிதானக்கா," என்றார்.