நீல உப்பு, சிவப்பு உப்பு

அந்த வீட்டில் ஓவன் கூடத்தில் இருந்தது. சமையலறைக் கதவைவிட அது நாலு விரல் அகலம் அதிகம். கதவைக் கழற்றிப் பார்த்தார்கள், ஓவனைப் படுக்கவைத்துப் பார்த்தார்கள், ஒருக்களித்துத் தள்ளிப் பார்த்தார்கள். நுழைவதாக இல்லை. கடைசியில் சோபாவை ஓரங்கட்டிவிட்டு, சன்னலோரமாக நல்ல காற்றோட்டமான இடத்தில் அது உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதை விசாரித்துவிட்டுத்தான் மற்றவர்களை விசாரித்தார்கள்.

வாங்கி வந்தவர் வீட்டுக்காரர். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். ஒரு ஹோட்டலில் பாதி வழியில் நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்யப் போன இடத்தில், அந்த ஹோட்டலையே இழுத்து மூடுகிறார்கள் என்றும், சமையலறைச் சாமான்கள் அடிமாட்டு விலைக்குப் போகின்றன என்றும் கேள்விப்பட்டார். அதற்குமேல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று தோன்றியதாம். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளே என்றும் தோன்றியதாம். இரண்டாவதாகத் தோன்றியதையே பிடித்துக்கொண்டார். இருவர் சம்பளமும் விழுகிற கணக்கில் மிச்சம் என்று கிடந்த பணத்தைத் துடைத்தெடுத்துக் கொடுத்துவிட்டு, சாமான் வண்டியில் ஓவனுக்குப் பக்கத்தில் தானும் ஏறிக்கொண்டு, போரில் ஜெயித்தவர் மாதிரி வாசலில் வந்து இறங்கினார்.

அந்த மிச்சம் மிச்சமே இல்லை. அது அவர் மனைவியின் பல்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். யாருடைய மூக்குக்கு எந்த ஃபிரேம் உட்காரும் என்று முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். அவளுக்கு இடது கீழ்க்கடைவாயில் ஒரு பல் சொத்தை. வேரைச் சுத்தம்செய்து மேலே தொப்பி போட வேண்டும் என்று பல் டாக்டர் சொன்னார். ஆகும் செலவையும் சொன்னார். அதைக் கேட்டதும் நன்றாக இருந்த பல்லும் சேர்ந்து வலித்தது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடைக்குப் போய், அந்தக் கூடுதல் சம்பளத்தைத் தொடாமல் விட்டுவைத்தாள். முழுத்தொகையும் சேர்ந்த பிறகு வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். முன்கூட்டிச் சொன்னால் அந்த மனுஷர் தைலம், கஷாயம், தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று வீட்டையே இரண்டாக்கிவிடுவார். அதுவரை வலது பக்கமாகவே மென்றுகொள்ளலாம், பல்லுக்கு என்ன அவசரம்!

ஓவன் வந்து இறங்கிய அன்று அவள் கத்திய கத்தல் கீழ்வீடுவரை கேட்டது. அவர் புத்தியைச் சொன்னாள், பொறுப்பைச் சொன்னாள், முன்பொருமுறை வாங்கி வந்து ஒரே வாரத்தில் மூலையில் போட்ட உடற்பயிற்சி மிஷினைச் சொன்னாள். பல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னாள். மனைவிக்கு ஒரு பக்கம் வாயே வேலை செய்யவில்லை என்பது கட்டியவருக்குத் தானாகத் தெரிய வேண்டாமா? அதைப் போய் வாய்விட்டுச் சொல்வதா? கடைசியில், "இனிமே உங்க காசு உங்க காசு, என் காசு என் காசு. எதையும் கலக்க வேண்டாம்" என்று முடித்தாள்.

"ஆகட்டும்" என்றார் அவரும். ரோஷத்தில் அவரும் குறைந்தவர் இல்லை. தம் கருவிப் பெட்டியிலிருந்து ஒயர்களுக்குச் சுற்றுகிற டேப் சுருள்கள் இரண்டை எடுத்து வந்தார். "நான் வாங்கினதுக்கு நீலம், நீ வாங்கினதுக்குச் சிவப்பு. அப்புறம் குழப்பம் வரக்கூடாது பாரு." கிண்டலாகத்தான் சொன்னார். அவள் சிவப்புச் சுருளை வெடுக்கென்று வாங்கி, முதல் வேலையாக மாவு டப்பாவில் ஒட்டினாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் டேப் இல்லாத பொருளைத் தேட வேண்டியிருந்தது. ஒரே சோப்புப் பெட்டியில் இரண்டு சோப்பு. ஒரே அலமாரியில் இரண்டு உப்பு ஜாடி. பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டாகப் போயிற்று. மூத்தவள் நாலாம் வகுப்பு. நியாயம் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. "அம்மா, நீ அப்பா பால்ல டீ போட்டுட்ட" என்று நடுக்கூடத்தில் நின்று அறிவிப்பாள். வாண்டு இன்னும் ஒன்றாம் வகுப்புக்கே போகவில்லை. இரண்டு சுருளையும் வளையல் மாதிரி கைகளில் மாட்டிக்கொண்டு, ஒட்டுவதற்கு ஏதாவது அகப்படாதா என்று சுற்றிக்கொண்டிருந்தான்.

இதற்கிடையில் வலி கூடிவிட்டது. இன்னும் தள்ளிப்போட்டால் பிடுங்கத்தான் வேண்டிவரும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளும் விடாப்பிடியாக, அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து, கன்னம் ஒரு பக்கம் மட்டும் உப்பும்படி மென்று காட்டினாள். அவர் நிமிர்ந்து பார்ப்பார், "குழம்பு இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் குனிந்துகொள்வார். ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவளுக்கு வாய்த்த புருஷனைப் பாருங்கள் என்று அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வரும். அவராகக் கேட்கும்வரை சொல்வதில்லை என்ற வீம்பில் ஒரு பல்லையே பறிகொடுக்கப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் வாய் திறக்க மனசு வரவில்லை.

சனிக்கிழமை மதியச் சாப்பாடு அந்த வீட்டில் பிள்ளைகளின் பொறுப்பு. நெருப்பும் கத்தியும் மட்டும் பெரியவர்கள் கையில். மற்றபடி கேட்டால் ஒழிய அவர்கள் யோசனை சொல்லக்கூடாது. மூத்தவள் போட்ட சட்டம் இது. அந்தச் சனிக்கிழமை, ஓவனில் ரொட்டியும் கூடவே காய்கறி சூப்பும் என்று முடிவாயிற்று.

"மாவு அம்மாவோடது. சர்க்கரை அப்பாவோடது. ஓவன் அப்பாவோடது, காய் அம்மாவோடது" என்று மூத்தவள் விரல்விட்டு எண்ணினாள். "சரிசமமா வருது. ஆரம்பிக்கலாம்."

ஆரம்பித்ததுமே ஓவன் தன் குணத்தைக் காட்டியது. சுவிட்சைப் போட்டதும் வீட்டில் மொத்த மின்சாரமும் போயிற்று. வீட்டுக்காரர் ஃபியூஸ் பெட்டிக்கு ஓடினார். ஃபிரிட்ஜை நிறுத்திப் பார்த்தார், ஃபேனை நிறுத்திப் பார்த்தார். "லிஃப்டையே ஏத்தி இறக்குறேன், இது என்ன பிரமாதம்" என்று நாற்காலிமேல் நின்றபடி அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது மறுபடியும் போயிற்று. அவளுக்கோ, சூப்புக்கு அரிந்த கேரட்டில் ஒரு துண்டை மறந்துபோய் இடது பக்கம் கடித்துவிட்டதில் உயிர் போய் உயிர் வந்தது. பிள்ளைகளுக்குத் தெரியாமல் குளியலறைக்குப் போய், வெதுவெதுப்பான தண்ணீரை வாயில் அடக்கிக்கொண்டு நின்றாள்.

மாவுக்குப் பக்கத்தில் பெரியவர்கள் யாரும் இல்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் உப்புப் பிரச்சினை வந்தது.

"ஒரு ஸ்பூன் உப்புன்னு போட்டிருக்கு" என்றாள் மூத்தவள், மாவு டப்பாவின் முதுகிலிருந்த செய்முறையைப் படித்து.

"யாரு உப்பு?" என்றான் வாண்டு.

நல்ல கேள்வி. நீல உப்பைப் போட்டால் அம்மா வருத்தப்படுவாள், சிவப்பைப் போட்டால் அப்பா. மூத்தவள் யோசித்தாள். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு ஸ்பூன் போட்டுவிட்டால் யாருக்கும் குறை இருக்காது. அடுத்து, எந்த ஸ்பூன்? சின்ன ஸ்பூன்களில் எல்லாம் டேப் இருந்தது. டேப் இல்லாதது சோறு பரிமாறுகிற கரண்டி ஒன்றுதான். அது பொது. ஆகவே அந்தக் கரண்டியால் நீல உப்பில் ஒன்று, சிவப்பு உப்பில் ஒன்று, இரண்டும் குவியலாக உள்ளே போயின. இதைவிட நியாயமாக ஒரு ரொட்டி எந்த வீட்டிலும் பிசையப்பட்டிருக்காது.

அத்தனை உப்பில் ஈஸ்ட் எங்கே வேலை செய்யும், மாவு எப்படிப் பொங்கும்? வைத்தது வைத்தபடியே கிடந்தது. "கூச்சமா இருக்கும், உள்ள போனா சரியாயிடும்" என்று வீட்டுக்காரர் அதை ஓவனுக்குள் தள்ளினார். ஒருவழியாக மின்சாரம் நிலைத்தது. வாசனை மட்டும் அருமையாக வந்தது. வெளியே எடுத்து மேசையில் வைத்தபோது 'டொக்' என்று சத்தம் கேட்டது.

ரம்பம் பிடிக்கிற மாதிரி கத்தியைப் பிடித்து அவர் ரொட்டியை அறுத்தார். பிள்ளைகள் இருவரும் நாற்காலியில் மண்டியிட்டு, அப்பா வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கடி கடித்தார். அவர் புருவம் இரண்டும் மேலே ஏறின. உப்பு உச்சந்தலைவரை ஏறியிருக்க வேண்டும். இருந்தாலும் மென்று விழுங்கினார்.

"நல்லா... உறுதியா வந்திருக்கு" என்றார். "உப்பு... இருக்கு."

"ரெண்டு பேரோட உப்பும் இருக்கு" என்றாள் மூத்தவள் பெருமையாக.

பிள்ளைகள் முகம் வாடக்கூடாதே என்று மனைவியும் ஒரு துண்டை எடுத்தாள். கடிக்க முடியாது என்று தெரியும். கடித்துத்தான் ஆக வேண்டும் என்றும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குக் கொண்டுபோனாள்.

"அம்மா, நீ அதக் கடிக்காத!" மூத்தவள் கத்தியே விட்டாள். "உன்னோடது சூப்புல ஊறிக்கிட்டிருக்கு. அப்பா அறுத்ததுமே ஓரமெல்லாம் பிச்சுட்டுப் போட்டுட்டேன்."

"அதென்ன, அம்மாவுக்கு மட்டும் தனிக் கவனிப்பு?" என்றார் அவர்.

"அம்மாவால இந்தப் பக்கம் கடிக்க முடியாதில்ல" என்று தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள் மகள். "ரொம்ப நாளாவே அப்படித்தான். சமைக்கிறவங்க பாக்கணும்ல, யாரு எதை மிச்சம் வைக்கிறாங்கன்னு? அம்மா கெட்டியா இருக்கிறதெல்லாம் மிச்சம் வைப்பா."

"பாத்ரூம்ல வாய் நிறையத் தண்ணி வச்சுக்கிட்டு நிப்பா" என்றான் வாண்டு. "நான் பாத்தேன்."

அவர் கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். கன்னத்தில் லேசான வீக்கம். இன்றைக்கு வந்ததல்ல அது.

"டாக்டர்கிட்டப் போனியா?"

"போனேன். சீக்கிரம் பண்ணலைன்னா பிடுங்கணுமாம்."

"அப்ப அந்தக் காசு..." என்றவர் திரும்பி ஓவனைப் பார்த்தார்.

இந்த நிமிஷத்துக்காக அவள் மனதுக்குள் எத்தனை வசனம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்! எல்லாம் எங்கோ போய்விட்டன. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்பது மட்டும்தான் வந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அவர்.

இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது.

அவர்தான் மறுபடி ஆரம்பித்தார். "துணி உலர்த்தும்போது ஒரு நாள் சொன்ன. வீட்டுல ஒரு ஓவன் இருந்தா பிள்ளைங்களோட சேர்ந்து ரொட்டி சுடலாம்னு. அது எனக்கு மனசுலயே இருந்தது. நீ சொன்னா நான் மறக்க மாட்டேன்மா. சொல்லாட்டிதான் இந்த மரமண்டைக்கு ஏற மாட்டேங்குது."

அவள் அப்படிச் சொன்னது அவளுக்கே மறந்துபோயிருந்தது. இப்போது கொடிக்கயிறும், ஈரத் துணியும், பேச்சுவாக்கில் சொன்ன அந்த வார்த்தையும் நினைவுக்கு வந்தன. கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிற அந்தப் பிரம்மாண்டமான பைத்தியக்காரத்தனம் தனக்காக வந்தது என்று தெரிந்ததும் அவள் திரும்பி அதை முதல்தடவையாக நன்றாகப் பார்த்தாள். இந்த மனுஷர்மேல் முழுசாகக் கோபப்படக்கூட முடியவில்லையே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"திங்கக்கிழமை காலைல டாக்டர்கிட்டப் போறோம்" என்றார் அவர். "என்கிட்ட இருக்கிறதையும் உன்கிட்ட இருக்கிறதையும் போட்டா முதல் தடவைக்கு ஆகும். மிச்சத்துக்கு நான் கூடுதல் வேலை பாக்குறேன்."

வாண்டு இதையெல்லாம் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். நாற்காலியிலிருந்து இறங்கி அம்மாவிடம் வந்து நின்றான். ஒரு கையில் நீலச் சுருள், இன்னொரு கையில் சிவப்பு.

"அம்மா, ஆ காட்டு. உன் பல்லுக்கு எந்த டேப்பு?"

"அம்மா வாயில இருக்கு. அதனால சிவப்பு" என்றாள் மூத்தவள். உடனே அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஆனா அப்பாவும் காசு குடுக்கிறாரே..."

யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் எழுந்து வந்து, மகன் கையிலிருந்து இரண்டு சுருளையும் மெல்ல உருவி எடுத்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"டேப்பெல்லாம் வேண்டாம்டா. அது நம்ம பல்லு" என்றார்.

அவள் சூப்புக் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். ஓரம் பிய்த்த ரொட்டி நன்றாக ஊறியிருந்தது. உப்பு கரித்தது. ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு உப்பைக் காரணம் சொல்லிக்கொள்ளலாம். சொல்லவில்லை.

"ஓவனை வித்துடலாம்" என்றார் அவர் எதிரில் உட்கார்ந்து.

"ஐயோ, வேண்டாம்ப்பா!" என்று பிள்ளைகள் இருவரும் ஒரே நேரத்தில் அலறினார்கள்.

"அது இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் அவள். "முதல்ல அந்த ரெண்டு உப்பையும் ஒரே ஜாடியில கொட்டுங்க."