உள்ளே வரக் கூடாததற்கான காரணம்

கதை எழுதிப் பழக்கமில்லாத ஒருவர் கதை சொல்ல முன்வருவது அதிகப்பிரசங்கித்தனம் என்பதை நன்கு அறிந்தே இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது. வாசகப் பெருமக்கள் பெரிய மனது வைத்துப் பொறுத்தருள வேண்டும். சொன்ன விதத்தில் குறை இருந்தால் அது எழுதியவருடையது. குழப்பம் மட்டும் கதையினுடையது.

அந்தப் பல்கலைக்கழகத்தில், படிக்கட்டின் அடியில் கூரை சாய்ந்து இறங்கும் ஓர் அறை இருந்தது. நெட்டையானவர்கள் குனிந்தே பேச வேண்டும். ஆய்வகத்தில் யாராவது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், அதற்குக் காப்புரிமை வாங்கி, தயாரிக்கத் தகுந்த நிறுவனத்தின் கையில் சேர்ப்பது அவ்வறையின் வேலை. அதன் பொறுப்பாளருக்கு ‘பூட்டு’ என்று பட்டப்பெயர். நேரில் மட்டும் ‘மேடம்’ சேர்த்துக்கொள்வார்கள். “விண்ணப்பம் போற வரைக்கும் வாயத் திறக்காதீங்க; ஊருக்கே தெரிஞ்ச விஷயத்துக்குக் காப்புரிமை கிடையாது” என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவர் சம்பாதித்த பெயர் அது.

அவ்வாண்டு அவர் கைக்கு வந்தது ஒரு பசை. கண்டுபிடித்தவள் ஓர் ஆய்வு மாணவி. அவளுடைய தந்தை மருத்துவமனையில் தீக்காயப் பிரிவுச் செவிலியர். கட்டைப் பிரிக்கும்போது குழந்தைகள் போடும் கூச்சலை வீட்டுக்கு வந்தும் காதிலேயே வைத்திருப்பவர். அவர் சொல்ல அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த மகள், காயத்தின் மேல் கட்டை ஒட்டவைத்து, வெதுவெதுப்பான நீர் பட்டதும் தானாக விட்டுக்கொடுக்கும் ஒரு பசையைச் செய்துவிட்டாள். நிறுவனம் ஒன்று அதைத் தயாரிக்க முன்வந்தது. மாணவிக்கு வேலையும் தருவதாகச் சொன்னது. ஒரே நிபந்தனை, காப்புரிமை இருக்க வேண்டும். விண்ணப்பம் வெள்ளிக்கிழமை போவதாக ஏற்பாடு. ஆனால் புதன்கிழமையே அவளுக்கு வாய்மொழித் தேர்வு. விதிப்படி அதற்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்.

பூட்டு மேடம் விடுவாரா? தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளரிடம் போய் நின்றார்.

“கதவச் சாத்திட்டு நடத்தணும்னா காரணம் வேணும் மேடம்.”

“ரகசியம்னு போடுங்க.”

“என்ன ரகசியம்னு கேப்பாங்களே! வெறும் ரகசியம்ங்கிறது ஒரு காரணமா? தெளிவா எழுதிக் குடுங்க. கதவுல ஒட்டணும்.”

தெளிவாக எழுது என்று சொன்னால் தெளிவாக எழுதுகிறவர் அவர். பொத்தாம்பொதுவாக எழுதுவது அவருக்கு ஆகாது. எழுதிக் கொடுத்தார், முத்திரை விழுந்தது.

புதன்கிழமை அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார். ஜன்னல்களுக்குத் தாள் ஒட்டினார். தேர்வாளர்களின் கைபேசிகளைத் தட்டில் வாங்கி வைத்தார். வாசலில் தாமே நாற்காலி போட்டு அமர்ந்தார். வந்தவர்கள் கதவிலிருந்த அறிவிப்பை நின்று நிதானமாகப் படித்துவிட்டு, தலையாட்டியபடி திரும்பிப் போனார்கள். சிலர் படமும் எடுத்துக்கொண்டார்கள். இவ்வளவு கட்டுப்பாடான மக்களா என்று அவருக்கு மனம் நிறைந்துபோயிற்று.

வியாழன் காலையில் நிறுவனத்து அம்மையார் அழைத்தார்.

“மன்னிச்சுக்கோங்க மேடம். எங்களால இத எடுத்துக்க முடியாது. விஷயம் வெளிய வந்துடுச்சு. சேர்மானம், பக்குவம் எல்லாத்தையும் எங்க வக்கீல் படிச்சுட்டு வந்து சொல்றாரு.”

பூட்டு மேடத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கே படித்தார் என்று கேட்கக்கூடத் தோன்றாமல் கைபேசியை வைத்துவிட்டார். ஈ காக்கை நுழையாத அறையிலிருந்து எப்படிப் போயிருக்கும்? முதலில் மாணவியின் வழிகாட்டியிடம் ஓடினார். ‘கோந்து வாத்தியார்’ என்று பெயர்பெற்ற பேராசிரியர் அவர்.

“சார், நீங்க யார்கிட்டயாவது...?”

“ஏம்மா, நான் என்ன வேலை பாக்கறேன்னே என் சம்சாரத்துக்குத் தெரியாது. அது தெரியாமலே இத்தன வருஷம் குடித்தனம் பண்ணிட்டா. நான் எங்கம்மா போய்ச் சொல்லப் போறேன்?”

அடுத்து, கணவரைக் கைபேசியில் பிடித்தார்.

“போன வாரம் உங்க முட்டியில ஒண்ணு ஒட்டிவிட்டேனே, அதப் பத்தி யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“மாடிப்படியில விழுந்ததையே நான் யார்கிட்டயும் சொல்லல. பிளாஸ்திரியப் பத்தியா சொல்லப் போறேன்? என்னம்மா, சாப்ட்டியா இல்லையா நீ?”

மிஞ்சியவள் மாணவிதான். அவளைச் சந்தேகிக்கவே கூச்சமாக இருந்தது. தேடிப் போனபோது, தேர்வு நடந்த அறையின் மூடிய கதவுக்கு எதிரே அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“மேடம், இத யாரு எழுதினது?”

“நான்தான்மா. ஏன்?”

“ஒருதரம் படிங்களேன்.”

பூட்டு மேடம் படித்தார்.

‘கடற்பாசிப் பொடியையும் மரப்பிசினையும் ஒன்றுக்கு மூன்றாகக் கலந்து, கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் ஒரு பகல் முழுதும் வைத்தெடுத்தால் கிடைக்கும் பசை, வெதுவெதுப்பான நீர் பட்டவுடன் வலியின்றி விடுபடும் என்பது இதுவரை எவரும் அறியாத இரகசியமாதலால், வெளியார் உள்ளே வருதல் கூடாது.’

நல்ல வாக்கியம். பிழை ஒன்றும் இல்லை. என்ன தவறு என்று விளங்காமல் மறுபடியும் படித்தார். மூன்றாம் முறை ‘இரகசியமாதலால்’ என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. அங்கிருந்து அது நகரவில்லை.

பிறகு ஓட்டமாகத் தேர்வுப் பிரிவுக்குப் போனார்.

“கதவுல மட்டும்தானே ஒட்டினீங்க?”

“இணையதளத்துலயும் ஏத்தியாச்சு மேடம். விதி. திங்கக்கிழமையே ஏத்திட்டோம்.”

“உடனே எடுத்துடுங்க!”

“எடுத்துடலாம். எதுக்கு எடுக்கறோம்னு காரணம் எழுதிக் குடுங்க.” கண்காணிப்பாளர் பேனாவை நீட்டினார். “தெளிவா எழுதுங்க மேடம், அதையும் ஏத்தணும்.”

அவர் பேனாவைத் தொடவில்லை.

படிக்கட்டின் அடியிலிருந்த அறையில் மாணவி தலை தாழ்த்தி உட்கார்ந்திருந்தாள். கூரை அப்படி.

“இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அப்போ யார் வேணா இதச் செய்யலாம், இல்லையா மேடம்?”

“செய்யலாம்மா.”

“அந்தக் கம்பெனியும் செய்யலாமே?”

“செய்யலாம். ஆனா செய்யமாட்டாங்க. அவங்க கஷ்டப்பட்டு சோதனையெல்லாம் முடிச்சு சந்தைக்குக் கொண்டு வந்தா, மறுநாளே இன்னொருத்தன் நோகாம அதையே செஞ்சு விப்பான். அதனால யாரும் முதல்ல இறங்கமாட்டாங்க.”

“யாருக்கும் தெரியாதப்ப செய்யறேன்னாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சதும் யாருமே செய்யமாட்டாங்களா? எனக்குப் புரியல மேடம்.”

இதே பாடத்தைப் பூட்டு மேடம் ஆண்டுதோறும் புதிய மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறார். ஒருமுறைகூட அது விசித்திரமாகப் பட்டதில்லை. இன்று சொல்லிப் பார்த்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“எனக்கும் புரியலம்மா” என்றார்.

“வார்டுல அப்பா சொல்லி வச்சுட்டாரு. புதுக் கட்டு வரப்போகுது, இனிமே பிச்சு எடுக்க வேணாம்னு. எதுல செஞ்சதுன்னு கேட்டிருக்காங்க. என் பொண்ணு சொல்லக் கூடாதுன்னுருக்கான்னு, கடைசி வரைக்கும் சொல்லலையாம்.” அவள் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். “இன்னிக்குப் போய் அவர்கிட்ட என்ன சொல்றது மேடம்?”

பூட்டு மேடம் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. இவ்வாரத்தில் அவர் ஒன்றை வெளியே விடாமல் காத்தது அப்போது மட்டுமே.

இழந்தவற்றைச் சொல்லி விடைபெறுவதே மரியாதை. காப்புரிமை ஒன்று. தயாரிக்கவிருந்த நிறுவனம். அங்கே மாணவிக்குக் காத்திருந்த வேலை. தீக்காயப் பிரிவில் ஒரு தந்தை குழந்தைகளுக்குக் கொடுத்து வைத்த சொல். ‘பூட்டு’ என்ற பட்டப்பெயர். அதற்குப் பதிலாக வந்த பெயரை இங்கே எழுதுவது நாகரிகமாகாது. முனைவர் பட்டம் இழப்பில் சேராது, அது கிடைத்துவிட்டது. அறிவிப்பும் சேராது. அதை எடுப்பதற்கான காரணத்தை இன்னும் எவரும் எழுதிக் கொடுக்கவில்லை.