என் பெயரில் தேடியவை

என் மகள் செய்தித்தாள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஊரார் இணையத்தில் எதைத் தேடுகிறார்கள் என்று படம் போட்டுக் காட்டும் பகுதி அவளுடையது. அந்த ஞாயிறு பீர், கஞ்சா, சூதாட்டம் மூன்றும் வந்திருந்தன. முதல் இரண்டின் கோடுகளும் வார இறுதிகளில் ஏறி அடங்கின. சூதாட்டக் கோடு மட்டும் இறங்கவே இல்லை.

சாப்பாட்டு மேசையில் அதைப் பார்த்துவிட்டு, நம் வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது என்றேன். என் தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எல்லா வீட்டுலயும் அப்படித்தான்பா சொல்றாங்க" என்றாள் மகள். "யாரும் வெளையாடறதில்ல. கோடு தானா ஏறுது."

அன்று மாலை குடியிருப்போர் சங்கக் கூட்டம். பொருளாளர் பதவிக்குத் தம்பியின் பெயரை நான் முன்மொழிவதாக இருந்தது. நான் சொன்னால் மறுபேச்சு இருக்காது. சூதாட்டத்தைப் பற்றியும் நாலு வார்த்தை பேசலாம் என்று, தகவல் தேடக் கைபேசியை எடுத்தேன்.

எங்கள் வீட்டுக் கைபேசிகள் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு, என் பெயரில். குடும்பம் ஒன்று என்றால் கணக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்று நான் செய்த ஏற்பாடு. 'சூதாட்ட' என்று தட்டியதுமே அந்தக் கணக்கில் முன்பு தேடியவை வந்து நின்றன.

'சூதாட்டச் செயலியை அண்ணன் கண்ணில் படாமல் மறைப்பது எப்படி?'

வீட்டில் என்னை அண்ணன் என்று கூப்பிடுபவன் ஒருவன்தான்.

மாடியில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவனிடம் கைபேசியை நீட்டினேன். அவன் மறுக்கவில்லை. விடப் பார்த்ததாகவும் முடியவில்லை என்றும் சொன்னான். என் மகளுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரியும்ணா. உங்ககிட்ட சொல்லத்தான் யாருக்கும் வாய் வரல."

சூது அவன் ஒருவனுடையது. என்னைப் பொம்மையாக உட்கார வைத்ததில் வீடே கூட்டு. காலையில் அந்தப் படத்தைக் காட்டியபோது மகள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கூட்டத்தில் செயலர் என்னைப் பேச அழைத்தார். தம்பி முன்வரிசையில் இருந்தான். அவன் பெயரைச் சொன்னால் என் வாக்கு பொய். சொல்லாவிட்டால் வெறும் வாயை மெல்லும் தெருவுக்கு அவல்.

எதிர்வீட்டுக்காரரை முன்மொழிந்தேன்.

"உங்க வீட்டுலயே ஆள் இருக்கேங்க" என்றார் செயலர்.

"இந்த வேலைக்கு எங்க வீட்டுல ஆள் இல்ல."

ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். முதலில் உயர்ந்தது தம்பியின் கை. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.