ஓடாதீர்கள், நில்லுங்கள்

வண்டி நான்கு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். தெருமுனை வரைதான் வரும். உள்ளே நுழையாது. ஒருவகை ட்ரோன்கள் வரும்போது கண்ணாடி இழையை இழுத்துக்கொண்டு வருகின்றன. தலைமுடியைவிட மெல்லிய இழை. தெரு முழுக்க அதுதான் கிடக்கிறது. சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் வண்டி அங்கேயே நின்றுவிடும். ஆளில்லா வண்டி என்பதால் இறங்கிச் சிக்கெடுக்க யாரும் இல்லை.

முன்பு அது குண்டுகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, காயம்பட்டவர்களை ஏற்றி வந்தது. இப்போது வயதானவர்களை ஊரைவிட்டு வெளியேற்றுகிறது. இன்றுதான் கடைசி நடை. அத்தை அதில் போயாக வேண்டும். அவருடைய சர்க்கரை ஊசி மருந்து நேற்றோடு தீர்ந்துவிட்டது.

அத்தை என் மனைவியின் அம்மா. மனைவி இறந்து இரண்டு மாதம் ஆகிறது. அதன்பிறகு அத்தை மாடியைவிட்டு இறங்கவே இல்லை. அதனால் அவருக்கு ஒரு விஷயம் தெரியாது. நான்கு மணிக்குள் அதை நான் சொல்லியாக வேண்டும்.

கீழே விழுந்த ட்ரோன்களைப் பட்டறையில் பிரித்துப் பார்ப்பது என் வேலை. முதலில் வந்த நாற்பதின் பதிவுகளைப் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே புரோகிராம். படத்தில் அசைவதைத் தேடும், அசையாததை விட்டுவிடும். அதை வைத்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். 'சத்தம் கேட்டால் ஓடாதீர்கள், நில்லுங்கள். கைகளை உடலோடு ஒட்டிக்கொள்ளுங்கள். நூறு எண்ணுங்கள்.' அச்சடித்து ஊர் முழுக்க ஒட்டினார்கள். மூன்று மாதம் பலித்தது. வண்டின் சத்தம் கேட்டதும் (ட்ரோனுக்கு எங்கள் ஊரில் வண்டு என்றுதான் பெயர்) தெருவே உறைந்துவிடும். சைக்கிளில் வந்தவர் ஒரு காலை ஊன்றியபடி நிற்பார். சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் வாயைத் திறந்தபடி நிற்பார்கள்.

என் மனைவி ஒரு தாளை எங்கள் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். நான்கு மூலைக்கும் டேப். "எங்க வீட்டுக்காரர் எழுதினது" என்று வருவோர் போவோரிடமெல்லாம் காட்டினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பால் வாங்கப் போனாள். சத்தம் கேட்டது. நின்றாள்.

பதினோரு நாள் கழித்து என் மேசைக்கு வந்த ட்ரோனில் புரோகிராம் வேறாக இருந்தது. தேதியைப் பார்த்தேன். அவள் போவதற்கு நான்கு நாள் முன்பே மாற்றியிருக்கிறார்கள். புதியது அசைவதைத் தேடவில்லை. தான் நெருங்கியதும் நின்றுவிடுவதைத் தேடியது. நாய் ஓடும். காகிதம் பறக்கும். மரக்கிளை ஆடிக்கொண்டே இருக்கும். சட்டென்று நிற்பது மனிதன் மட்டும்தான். எங்களைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறது.

அன்று மாலைக்குள் ஊரில் எல்லாத் தாள்களையும் கிழித்தார்கள். எங்கள் கதவில் இருந்ததை மட்டும் நான் தொடவில்லை. கிழித்தால் ஏன் என்று அத்தை கேட்பார்.

மூன்றரை மணி. அத்தை பையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"செருப்பு வேண்டாம் அத்தை. ஷூ போட்டுக்குங்க."

"அவளோடதா?"

"ம்."

"பெரிசா இருக்குமே. மூஞ்சி என்னை மாதிரி, பாதம் மட்டும் அப்பனை மாதிரி."

"ரெண்டு சாக்ஸ் போட்டுக்கலாம்."

போட்டுக்கொண்டார். "சத்தம் கேட்டா நூறு எண்ணணும், அவ்வளவுதானே? அறுபதுக்கு மேல எனக்கு எண்ணிக்கை தப்பிடும் மாப்பிள்ளை."

"எண்ண வேண்டாம். நிக்கவே வேண்டாம். ஓடணும்."

கதவைப் பார்த்தார். "அதுல நில்லுங்கன்னுதானே போட்டிருக்கு?"

"இப்ப அது சரியில்லை. மாத்திட்டாங்க."

"எப்போ?"

போன வாரம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"அவ போறதுக்கு நாலு நாள் முன்னாடி. எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது."

அத்தை குனிந்து ஷூவின் கயிற்றைக் கட்டினார். அவிழ்த்தார். மறுபடி கட்டினார்.

"நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றார். "ஆடாம நின்னா. கையெல்லாம் ஒட்டிக்கிட்டு, நீங்க சொன்ன மாதிரியே."

நான் குனிந்து அடுத்த ஷூவின் கயிற்றைக் கட்டிவிட்டேன்.

"கையைக் கொடுங்க. எந்திரிக்கணும்."

கீழ்வீட்டுத் தையல்காரர் தன் கடையின் கண்ணாடியை வாசலுக்கு வெளியே நீட்டி, அதில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நீட்டினால் ஆபத்து.

"ஆமை வண்டி வந்து நிக்குது தம்பி. வானம் காலியா இருக்கு" என்றார். அத்தையின் ஷூவைப் பார்த்தார். "என்னம்மா, ஓட்டப் பந்தயமா? முதுகுக்கு நம்பர் தைச்சுத் தரட்டுமா?"

"நீ தைச்சா பாதி வழியிலேயே பிரிஞ்சு தொங்கும்" என்றார் அத்தை.

தெருமுனைக்கு நூற்றிருபது தப்படி. ஓடினோம். அத்தைக்கு முழங்கால் மடங்காது. விந்தி விந்தி முன்னால் போனார். நான் பையோடு பின்னால் போனேன். பாதி வழியில் சத்தம் கேட்டது.

நான் நின்றுவிட்டேன்.

யோசித்துச் செய்ததில்லை. கைகள் தாமாகவே உடலோடு ஒட்டிக்கொண்டன. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பழக்கம் என்று சொல்லலாம். பழக்கம் மட்டும்தானா என்று தெரியவில்லை. நிற்பது சுலபமாக இருந்தது. ஏழு எண்ணியபோது சட்டையை யாரோ கொத்தாகப் பிடித்து இழுத்தார்கள்.

"நீங்க எழுதினதை நீங்களே நம்பிக்கிட்டு நிக்கிறீங்களா? ஓடுங்க!"

அத்தை திரும்பி வந்திருந்தார். அந்த முழங்காலோடு. சட்டையை விடாமல் இழுத்துக்கொண்டே ஓடினார். முதலில் தடுமாறினேன், பிறகு ஓடினேன். நான் நின்ற இடம் எங்களுக்குப் பின்னால் வெடித்தது. பையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

வண்டியில் ஏற்கெனவே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தையைப் பின்புறம் பார்த்த இருக்கையில் உட்கார வைத்து பெல்ட்டைப் போட்டேன்.

"நீங்களும் ஏறுங்க. நெருக்கி உக்காரலாம்."

"பட்டறை ஆளுங்க ஊரைவிட்டுப் போகக் கூடாது அத்தை. ஏறினா வண்டி கிளம்பாது. முகத்தைப் பாத்துக் கண்டுபிடிச்சிடும்."

வண்டியின் கண்ணைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். புகை இன்னும் அடங்கவில்லை.

"திரும்ப இதே தெருவா?"

"வேற தெரு இல்லை."

"வளைவு திரும்பற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பேன். நின்னீங்கன்னா எறங்கி வந்துடுவேன், சொல்லிட்டேன்."

அந்த பெல்ட் போய்ச் சேரும் வரை திறக்காது. நான் அதைச் சொல்லவில்லை.

வண்டி நகர்ந்தது. அத்தை கோழியை விரட்டுவதுபோல் கையை வீசினார். போ, போ. ஓடினேன். புகைக்குள்ளும் நிற்கவில்லை.

தையல்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டாவது பொத்தானைக் காணோமே."

"அத்தை கையில இருக்கும்."

"கழட்டிக் கொடுங்க. நாளைக்குப் பட்டறைக்கு இப்படியேவா போவீங்க?"

கழற்றிக் கொடுத்தேன். பனியனோடு மாடி ஏறினேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். தாள் அப்படியே இருந்தது. டேப்பின் ஒரு மூலையை நகத்தால் நெம்பினேன். பாதி வந்தபோது மறுபடி சத்தம் கேட்டது.

நின்றேன். வீட்டுக்குள் நிற்கலாம். நூறு எண்ணினேன். சத்தம் போகவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.