சாட்சிக்கு வைத்த ஃப்ளெக்ஸ்

அரியலூரிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு வரதராஜன்பேட்டையில் இறங்கியதும் ஜெயராணியின் கண்ணில் பட்டது அவள் புருஷன் முகம்தான். எதிரே ஆளுயர ஃப்ளெக்ஸில், கப்பல் யூனிபார்மோடு லியோ பிரபு சிரித்துக்கொண்டிருந்தான். 'உலக நீதிமன்றத்தில் சாட்சி சொல்லி வல்லரசை மண்டியிட வைத்த மண்ணின் மைந்தனே!' அதன் அடியில் சின்னப் படமாகக் கைகூப்பியபடி அவள் கொழுந்தன் ஜூட்.



சில வருஷம் முன்னால் லியோ வேலை பார்த்த சரக்குக் கப்பலை ஒரு நாட்டுக் கடற்படை சுட்டுப் பொசுக்கியது. கேட்டால், 'அவர்கள்தான் முதலில் சுட்டார்கள், நாங்கள் தற்காத்துக்கொண்டோம்' என்று சாதித்தார்கள். எதை வைத்துச் சுடுவதாம், கோதுமை மூட்டையை வைத்தா? பிழைத்தவர்களில் வாயைத் திறந்தவன் லியோ ஒருவன்தான். நீதிமன்றம் அவன் பேரையும் முகத்தையும் மறைத்தே விசாரித்தது.

போன வாரம் தீர்ப்பு வந்தது. தற்காப்பு என்று சொன்னது பொய், செத்தவர்கள் குடும்பத்துக்கு இழப்பீடு கொடு என்று. அந்த நாட்டு மந்திரியோ, சாட்சி யாரென்று கண்டுபிடிக்காமல் விடமாட்டோம் என்று டிவியில் கறுவினார். லியோ இப்போதும் வேறொரு கப்பலில் அதே கடலில்தான் இருக்கிறான்.

தீர்ப்பு வந்த சந்தோஷத்தில் மனசு கொள்ளாமல் சாட்சி லியோதான் என்று ஜூட்டிடம் மட்டும் சொன்னாள். போயும் போயும் அவனிடமா சொல்வார்கள்! காதுகுத்தோ, கவுன்சிலர் பிறந்தநாளோ, ஃப்ளெக்ஸ் வைக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

ஜூட் அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தான்.

"மொதல்ல கழட்டு அத! அவரு யாருன்னு தெரிஞ்சா கொன்னுடுவாங்க!"

"அட போங்க அண்ணி, போட்டோ வாட்சப்புல துபாய் வரைக்கும் போயிடுச்சு. தமிழ்ல இருக்கறத அவனுங்க எங்க படிக்கப்போறானுங்க?"

அவளே எட்டிப் பிடித்து இழுத்தாள். கயிறு அறுந்து ஃப்ளெக்ஸ் ஒரு பக்கமாகச் சரிந்தது. அப்போதுதான் போன் அடித்தது. லியோ.

"ஜெயா, எஞ்சின் கோளாறு. அன்னைக்கு எங்க கப்பலச் சுட்டவனுங்க துறைமுகத்துலதான் நிறுத்திருக்கோம். பயப்படாத, இங்க என்னய யாருக்குத் தெரியும்?"

"என்னங்க, நான் சொல்றத கொஞ்சம்..."

"இரு, மைக்குல கூப்புடுறாங்க. துறைமுக ஆபீசருங்க வந்திருக்காங்களாம். தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஆளு வேணுமாம், ஏதோ படிச்சு சொல்லணுமாம். இந்தக் கப்பல்ல நான் ஒருத்தன்தான தமிழன். போயிட்டு வந்து பேசறேன்."

"போகாதீங்க!" என்று ஜெயராணி தெருவே திரும்பிப் பார்க்க அலறினாள். அதற்குள் அவன் போனை வைத்துவிட்டான்.