வலக்கை இரண்டு

சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி இரண்டின் வளைந்த தலையை வெட்டிவிட்டு, வெட்டிய முனையைக் கிரைண்டரில் பிடித்தேன். பின்னல் ஊசிக்கு முனை ரொம்பக் கூராக இருந்தால் நூலைப் பிளந்துவிடும். மொண்ணையாக இருந்தால் கண்ணிக்குள் நுழையாது. புதுப் பென்சிலால் ஒரு பக்கம் எழுதிய பிறகு இருக்குமே, அந்தப் பதம். மறுமுனையில் இருந்த சின்ன நட்டை அப்படியே விட்டுவிட்டேன். பின்னும்போது கண்ணிகள் அந்தப் பக்கம் கழன்று விழாமல் தடுக்க அதுவே போதும்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் இருபத்தேழு வருஷமாக இருக்கிறேன். மரம், தகடு, ரிவெட் தவிர வேறெதையும் இந்தக் கை தொட்டதில்லை. கம்பளி நூலைத் தொட வைத்தது என் மனைவி வசந்தாமணியின் மார்கழிக் கோலம்.

அவளுக்குக் குடலில் கட்டி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை சேலம் அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருவோம். அந்த மருந்து ஏறிவிட்டால் குளிர்ச்சியாக எதைத் தொட்டாலும் விரலில் கரண்ட் அடிப்பது போல இழுக்கும். எவர்சில்வர் டம்ளர், கதவின் தாழ்ப்பாள், காலை நேரத்துக் குழாய்த் தண்ணீர், எல்லாமே கடித்தன. நான் அவளுக்கு விளக்கினேன். கதவின் மரமும் தாழ்ப்பாளின் இரும்பும் ஒரே சூட்டில்தான் இருக்கின்றன, ஆனால் இரும்பு நம் கையிலிருக்கிற சூட்டை வேகமாக உறிஞ்சிக்கொள்ளும், மரம் உறிஞ்சாது, அதனால்தான் இரும்பு மட்டும் சில்லென்று தெரிகிறது என்றேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டா வலிக்காதுங்களா மாமா?"

கல்யாணமாகி வந்ததிலிருந்து மார்கழி முதல் தேதிக் கோலத்தை அவள் வேறு யார் கையிலும் விட்டதில்லை. இந்த வருஷமும் விடுவதாக இல்லை. பனியில் கை தாங்காதே, கடையில் கையுறை வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். "அதப் போட்டுக்கிட்டு மாவு எடுத்தா எப்புடீங்க இழையும்? விரல் வெளிய இருக்கோணும்" என்றாள்.

விரலை வெளியே விட்டுவிட்டுக் கையைச் சூடாக வைக்க வழியுண்டு என்று காட்டியது சித்ரா. ஏற்காட்டுப் பெண். அஸ்தம்பட்டியில் அதே மருந்துக்காகத் தன் புருஷனைக் கூட்டி வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாகவே இருப்பாள்.

"விரலுக்குப் போற ரத்தமெல்லாம் மணிக்கட்டு வழியாத்தாங்கண்ணா போவுது. மணிக்கட்டையும் உள்ளங்கையையும் மூடிட்டா விரலு தானா கதகதன்னு இருக்கும்" என்றாள். எனக்கு உடனே பிடித்துப்போனது. தொட்டியைச் சூடாக்க வேண்டியதில்லை, தொட்டிக்குப் போகிற குழாயைச் சுற்றினால் போதும்.

மூன்று முறை மருந்து ஏற்றும் நேரத்தில் கற்றுக்கொடுத்துவிட்டாள். மணிக்கட்டில் ஒரு கண்ணி மேடு, ஒரு கண்ணி பள்ளம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். அப்போதுதான் அந்த இடம் ரப்பர் மாதிரி விரிந்து சுருங்கும். உள்ளங்கை வந்ததும் சும்மா நேராகப் போகலாம். கட்டைவிரல் வர வேண்டிய இடத்தில் ஏழு கண்ணியை முடித்து, அடுத்த வரிசையில் ஏழு கண்ணியைப் புதிதாக ஏற்றினால் சட்டைப் பொத்தான் ஓட்டை போலக் கிடைக்கும். விரல்கள் பிரிகிற இடத்தில் நிறுத்தி, சுண்டுவிரல் பக்கம் மடித்துத் தைத்துவிட வேண்டியதுதான். கத்தரிப்பூ நிற நூலை வசந்தாமணியே எடுத்தாள்.

கார்த்திகை கடைசியில் இரண்டும் முடிந்தன. வலக்கையில் முதலாவதை மாட்டிவிட்டேன், அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. இரண்டாவதை இடக்கையில் மாட்டினால் கட்டைவிரல் ஓட்டை புறங்கையில் வந்து நின்றது. முதலாவதை எதிரே வைத்துக்கொண்டு கண்ணிக்குக் கண்ணி அப்படியே போட்டிருந்தேன். உள்ளங்கைப் பக்கம் தள்ளி இருக்கும் ஓட்டை அடுத்த கைக்குத் திரும்பி வர வேண்டும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. தினமும் லாரிக்கு இடது கதவும் வலது கதவும் செய்கிறவன்.

"ஏனுங்க, லாரிக்கு ரெண்டு பக்கமும் டிரைவர் கதவையே மாட்டுனாப்ல இருக்குதுங்க!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலித்திருக்கும். ஆனாலும் நிறுத்தவில்லை.

பிரித்துப் போடுகிறேன் என்று கை நீட்டினேன். தரவில்லை. "இப்பப் பிரிக்காதீங்க. கோலம் சோத்தாங்கைலதான போடறது? எடக்கைக்கு அப்பறம் பண்ணிக் குடுங்க."

"மார்கழி முடியறதுக்குள்ள பண்ணித் தாரேன் சாமி" என்றேன். அவளை நான் கூப்பிடுவது அப்படித்தான்.

முதல் தேதி விடியற்காலையில் வெந்நீரை விளாவி வாசலுக்கு நான்தான் தெளித்தேன். எவர்சில்வர் கிண்ணம் இடக்கையைக் கடிக்கும் என்று மாவைக் கொட்டாங்குச்சியில் போட்டுக் கொடுத்தேன். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வலக்கையில் உறையோடு குனிந்தாள். தெருவிளக்கு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. குனிந்த இடமெல்லாம் அவள் நிழலே விழுந்து மறைத்தது.

"குளுருதா?"

"இல்லீங்க. குளுரவேயில்ல." இன்னொரு பிடி மாவை எடுத்துக்கொண்டே சொன்னாள். "ஒன்னுமே தெரியலீங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. கோல இழை எப்படி இறங்குகிறது என்று நான் யோசித்ததே இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவு நழுவுவதை விரல்தான் உணர்ந்து, கூடினால் இறுக்கி, குறைந்தால் தளர்த்தி விடுகிறது. கண்ணுக்கு அதில் பெரிய வேலையில்லை. குளிருக்கு நான் வழி செய்துவிட்டேன். அதே மருந்தால் விரல் மரத்துப்போனதற்குச் செய்ய என்னிடம் ஒன்றும் இல்லை.

"மாவு விழுதுங்களா?" என்று கேட்டாள்.

பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. மாவெல்லாம் பின்னலுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு சாண் வெறுமையாக இருந்தது.

"விழுது சாமி" என்றேன்.

வெளிச்சம் வந்த பிறகு நின்று பார்த்தாள். புள்ளிகளில் பாதிதான் இருந்தன. இழைகள் கிளம்பிய இடத்திலேயே அறுந்து நின்றன. "நல்லாப் பொய் சொல்றீங்க மாமா" என்று மட்டும் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. உறையைக் கழற்றி, அதன் ஜோடியோடு சேர்த்து பீரோவில் வைத்தாள். அதன்பின் வாசலுக்கு வரவில்லை.

தை பிறந்த ஆறாம் நாள் போய்விட்டாள்.

மார்கழி முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சில் என் கை சும்மாதான் இருந்தது. ஊசியும் நூலும் பையில்தான் இருந்தன. இடக்கை உறையை நான் தொடவில்லை. நேரமில்லை என்று அவளிடம் சொன்னேன். சொல்லாத காரணம் வேறு. அவளுக்குச் செய்து கொடுக்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிற வரைக்கும் அவள் அதற்காகக் காத்திருப்பாள் என்று நினைத்தேன். எதையும் எப்படி என்று கேட்டுப் பழகிய எனக்கு, இதை மட்டும் எப்படி என்று கேட்கத் தோன்றவில்லை.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. பீரோவைத் திறந்தேன். இடப்பக்கக் கதவு போடாமல் எந்த வண்டியையும் ஷெட்டை விட்டு அனுப்பியதில்லை. மிச்சமிருந்த நூல் உருண்டை எலுமிச்சம்பழ அளவுதான் இருந்தது. இரண்டில் ஒன்றைப் பிரித்தால்தான் இடக்கைக்கு நூல் வரும். இரண்டும் அச்சு அசல் ஒன்று போலவே இருந்ததால் மேலே இருந்ததை எடுத்தேன்.

பின்னல் என்பது மொத்தமும் ஒரே நூல். ஒவ்வொரு கண்ணியையும் அதற்குள் நுழைந்த அடுத்த கண்ணிதான் கழலாமல் பிடித்திருக்கிறது. அதனால் தொடங்கிய முனையை எவ்வளவு இழுத்தாலும் வராது. முடித்த முனையை அவிழ்த்துவிட்டால் கடைசி வரைக்கும் தடையில்லாமல் வரும். தையலை வெட்டி, விரல் பக்கத்து முடிச்சை அவிழ்த்து இழுத்தேன். நூல் நேராக வரவில்லை. இருந்த கண்ணிகளின் வளைவையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு சுருள்சுருளாக வந்தது. நனைத்து, நுனியில் கனமாக ஏதாவது கட்டித் தொங்கவிட்டால் நேராகிவிடும் என்று சித்ரா சொல்லியிருந்தாள். அதற்கு எந்த நட்டைக் கட்டலாம் என்று யோசித்தபடியே உருண்டையில் சுற்றிக்கொண்டு போனேன்.

கட்டைவிரல் ஓட்டை வரை வந்த பிறகுதான் தரையைப் பார்த்தேன். சிவப்புச் சிமெண்டுத் தரையில் மாவு வெள்ளையாக விழுந்திருந்தது. ஒவ்வொரு கண்ணியும் கழலக் கழல ஒரு துளி. பக்கத்தில் பக்கத்தில், புள்ளி புள்ளியாக.

கையை நிறுத்தினேன். அடுத்த வரிசையின் கண்ணிகள் திறந்தபடி நின்றன. இழுக்காத வரைக்கும் அவை கழலாது.

"விழுது சாமி" என்றேன்.

தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. புள்ளிகளின் ஓரம் கலையத் தொடங்கியது. ஸ்விட்ச் சுவரின் அந்தக் கோடியில் இருந்தது. நூலை விடாமல், இடக்கையைக் குவித்து அவற்றின் மேல் கவிழ்த்தேன்.