பேச்சாயி கிணற்றுக்கு வாசித்த மூவர்

2017ஆம் ஆண்டு மார்ச் மாதம் எட்டாம் தேதி, பகல் பதினொன்றே காலுக்கு, போலந்து நாட்டுக்காரர்கள் மூன்று பேர் வாசித்த ஆறு நிமிடப் பாட்டு ஒன்றுக்கு, ரெட்டியார்சத்திரத்துக்கு மேற்கே பேச்சாயியின் வறண்ட கிணற்றில் நான்கு முழம் தண்ணீர் ஊறியது. வாசித்தவர்கள் அங்கே இல்லை. அவர்களில் ஒருவர் உயிரோடேயே இல்லை என்பது பிற்பாடு தெரியவந்தது. அவர்களுடைய இசைத்தட்டு மட்டும்தான் வந்திருந்தது, அதுவும் வேறு ஒருவர் பெட்டியில்.

அன்று பேச்சாயியின் இளைய மகள் தீபாவுக்கு, வருஷா வருஷம் தள்ளிப்போய்ப் பதின்மூன்று வயதில், காது குத்து. தோட்டத்திலேயே பந்தல் போட்டிருந்தார்கள். மைக் செட் பாண்டியராஜுடையது. அந்த வட்டாரத்தில் முப்பது வருஷமாக யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், பெண் சமைந்தாலும், ஆள் போய்ச் சேர்ந்தாலும் முதலில் தெரிவிப்பது அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான். அன்றைக்குப் பார்த்துப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் வேகாத வெயிலில் நடந்து வந்து, சத்தத்தை நிறுத்தச் சொன்னார். விசேஷ வீட்டில் பாதியில் ரேடியோ செட் நிற்பது ஆகாது. பரீட்சைப் பிள்ளைகளின் பாவமும் ஆகாது. பாண்டியராஜ் செத்த நேரம் யோசித்துவிட்டு, குழாயைக் கயிற்றில் கட்டி, வாய் கீழே பார்க்க, கிணற்றுக்குள் இறக்கிவிட்டார். சினிமாப் பாட்டு உள்ளே போனதும் அறுபது அடி ஆழத்தில் பங்காளிச் சண்டை நடப்பதுபோல் கேட்டது. சரி, இருப்பதிலேயே சாந்தமானதைப் போடுவோம் என்று, வீட்டுக்கென்று வைத்திருந்த பெட்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்து வரச்சொல்லி ஓட விட்டார். பந்தியில் இரண்டாவது வரிசை உட்கார்ந்திருந்தபோது தண்ணீர் வந்தது. சாப்பிட்டுக் கொண்டிருந்தவர்கள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, திரும்ப வந்து ரசத்துக்குச் சோறு வாங்கினார்கள்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2004இல் திண்டுக்கல் தோல் தொழிற்சாலை ஒன்றுக்கு இயந்திரம் பொருத்த டென்மார்க்கிலிருந்து ஒருவர் வந்தார். ஏழு மாதம் தங்கினார். பாட்டுக் கேட்காமல் அவரால் தூங்க முடியாது. இசைத்தட்டுகளைக் கையோடு கொண்டுவந்திருந்தார், ஓட்டத்தான் கருவி இல்லை. விசாரித்து விசாரித்து பாண்டியராஜிடம் வந்து சேர்ந்தார். பாண்டியராஜ் பிளேயரைக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தார்; ஊசி தேய்ந்தால் மாற்றப் போனார்; அப்படியே உட்கார்ந்து கேட்கவும் ஆரம்பித்தார். ஊருக்குப் போகும்போது டென்மார்க்காரர் பெட்டியை இவரிடமே கொடுத்துவிட்டார். மொத்தம் பதினோரு தட்டுகள். நார்வே, போலந்து, இத்தாலி, சுவீடன் என்று மூன்று பேர், நான்கு பேர் கூடி வாசித்த ஜாஸ். முந்நூறு, ஐந்நூறு பிரதிக்கு மேல் போட்டதில்லை, அந்தந்த ஊரிலேயே பலருக்கு இவர்களைத் தெரியாது என்று டென்மார்க்காரர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து பாண்டியராஜுக்கு அவர்கள்மேல் பாசம் கூடிவிட்டது. நம் ஊர் நாதசுரக்காரர்கள் எத்தனை பேரை யாருக்குத் தெரியும் என்பார்.

வெளியே ஊரே அதிர வேலை பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரும் மனைவி சுகன்யாவும் சின்ன ஸ்பீக்கரில் ஒரு தட்டைப் போட்டுக் கேட்பார்கள். பெயர் வாயில் நுழையாததால் அட்டைப்படத்தை வைத்து நாற்காலித் தட்டு, சைக்கிள் தட்டு, பனிமூட்டத் தட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். பனிமூட்டத் தட்டின் இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டுதான் பாண்டியராஜின் உயிர். ஒரு பியானோ, ஆளுயரத்துக்கு ஒரு பெரிய பிடில், பிரஷ்ஷால் தேய்த்து வாசிக்கும் ஒரு டிரம். நான்காவது நிமிடத்தில் மூன்று பேரும் ஒன்றாக நின்றுவிடுவார்கள். யாரோ ஒருவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி, 'கிரீச்' என்று ஒருமுறை கேட்கும். பிறகு பெரிய பிடில் மெதுவாகத் தொடங்கும். சாதாரண ஆட்களாக இருந்தால் அந்தச் சத்தத்தை வெட்டி எறிந்திருப்பார்கள், இவர்கள் விட்டுவைத்திருக்கிறார்களே என்று பாண்டியராஜ் ஒவ்வொரு முறையும் சொல்வார். ஒவ்வொரு முறையும் அவருக்குக் கண் கலங்கும். சுகன்யா அதைப் பார்க்காததுபோல வெற்றிலையை மடித்துக் கொடுப்பார்.

காது குத்து முடிந்த மறுநாள், கிணற்றில் போட்ட போலந்துப் பாட்டை வீட்டில் வைத்துப் பார்த்தபோது அது இல்லை. ஊசி ஓடியது, தூசிச் சத்தம் வந்தது, பாட்டு போய்விட்டிருந்தது. ரெட்டியார்சத்திரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ரோஹித் எல்லாத் தட்டுகளையும் முன்பே பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்திருந்தான். அதிலும் அந்த ஆறு நிமிடம் காலியாக இருந்தது. வீட்டில் எத்தனை முறை கேட்டாலும் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது, கிணற்றுக்குக் கொடுத்தால் அது கிணற்றோடு போய்விடும் என்று இரண்டு மூன்று தடவையில் தெரிந்துபோனது. பென் டிரைவைக் கிணற்றுக்குள் பாடவிட்டுப் பார்த்தார்கள். சொட்டுத் தண்ணீர் வரவில்லை. சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, அரசியல் கூட்டத்துப் பேச்சு எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு கிணறு ஒரு முழம் உள்வாங்கியது.

அந்த வருஷம் வறட்சி. பாண்டியராஜ் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். கொடுப்பதற்கு முந்தைய மதியம் அந்தப் பாட்டை வீட்டில் ஒருமுறை கேட்டு, விடை கொடுத்து அனுப்புவார். அவர் போட்ட ஒரே நிபந்தனை, கிணற்றடியில் கூடுகிறவர்கள் பேசாமல் உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்க வேண்டும். தண்ணீருக்காக வந்தவர்கள் முதலில் கொட்டாவி விட்டார்கள். நான்காவது கிணற்றிலிருந்து தலையாட்டத் தொடங்கினார்கள். 2018 முடிவதற்குள் அந்தப் பக்கத்து வெண்டைக்காய்க்காரர்களுக்கும் தக்காளிக்காரர்களுக்கும் ஆளுக்கொரு அபிப்பிராயம் இருந்தது. இத்தாலிக்காரர் பியானோவில் சர்க்கரை தூக்கல் என்றும், சுவீடன் டிரம்மர் இருப்பதே தெரியாமல் வாசிக்கும் பெரிய மனிதர் என்றும் டீக்கடையில் வாதாடினார்கள். கன்னிவாடியில் இதற்காக ஒரு சம்பந்தமே தட்டிப்போனது என்று சொல்வது மட்டும் கொஞ்சம் மிகை. பேச்சாயிக்குப் பெரிய பிடில்காரர்மேல்தான் மதிப்பு. "அடுத்தவுக பேசி முடிக்கட்டும்னு காத்திருக்கான் பாருங்க மதினி" என்று சுகன்யாவிடம் சொன்னார். "எங்க வீட்டுக்காரரு இருந்தப்ப இவன்ட்ட ரெண்டு நாளு பழக விட்ருக்கணும்."

அப்படியே பத்துத் தட்டுகளும், பதினோராவதில் ஒன்று தவிர மற்றதெல்லாமும் கிணறுகளுக்குள் போயின. பனிமூட்டத் தட்டின் கடைசிப் பாட்டை யாரும் தங்கள் கிணற்றுக்குக் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. பிறகு புயல் வந்தது, மழை வந்தது, கொரோனா வந்தது. விசேஷங்கள் நின்றன. வெள்ளிக்கிழமை மதியங்களில் பேச்சாயியும், மாதா கோயிலில் பாடும் சகாயராணியும், மல்லிகை தொடுக்கும் ஒச்சம்மாளும் பாண்டியராஜ் வீட்டு ஜன்னலுக்கு வெளியே, இடைவெளி விட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, மிச்சமிருந்த அந்த ஒரு பாட்டைக் கேட்டுப் போனார்கள். கொரோனா போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அவர்கள் கைகள் பூ தொடுத்துக்கொண்டே இருக்கும். நாற்காலிச் சத்தம் வரும் இடத்தில் மட்டும் நின்றுவிடும்.

2024 ஏப்ரலில் பேச்சாயியின் கிணறு மறுபடி வற்றியது. முதல் தண்ணீரில் நட்ட இரண்டு ஏக்கர் மல்லிகை இலை சுருண்டது. ஏழு வருஷச் செடி. அந்தப் பூவில்தான் தீபா நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் காட்டில் பிளாட்டுக் கல் நட்டாகிவிட்டது, இங்கேயும் வந்து விலை கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பேச்சாயி எப்போதும்போல வெள்ளிக்கிழமை வந்தார், பாட்டைக் கேட்டார், "நல்லாருந்துச்சு, வாரேன்" என்று போனார். பாண்டியராஜுக்கு அது, அவர் வாய்விட்டு உதவி கேட்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. பத்தொன்பது நாள் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பாட்டை ஒரு நாளைக்கு நான்கு முறை கேட்டார். இருபதாம் நாள் காலையில் சுகன்யா குழாயை எடுத்து வெளியே வைத்துத் தூசி தட்டினார், அவ்வளவுதான்.

தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பாண்டியராஜ் கிணற்றடிக்கு வந்தபோது பேச்சாயி வழியை மறித்தார்.

"வேணாம்ண்ணே. அது ஒங்க பாட்டு. செடி போனா மறுக்க நட்டுக்கிருவேன்."

"எடம் இருந்தாத்தான நடுவ" என்றார் பாண்டியராஜ். "வெலகு தாயி. கேக்குறதுக்குத்தான பாட்டு. கெணறும் கேக்கட்டும்."

ஊர் முழுக்க வந்திருந்தது. யாரும் இருமக்கூட இல்லை. நாற்காலிச் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வந்தபோது பாண்டியராஜ் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பாட்டு முடிந்தபோது தண்ணீர் பதினோரு முழம் நின்றது. அந்தக் கிணறு அதுவரை கண்ட தண்ணீரிலேயே அதுதான் அதிகம்.

நான்கு நாள் அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மதியம் தட்டைப் போட்டு, வெறும் ஊசிச் சத்தத்தைக் கேட்டார். ஐந்தாம் நாள் விடிந்ததும் சுகன்யா, பேச்சாயி தோட்டத்தில் குழாயின் வயர் கிடக்கிறது, அதைச் சுருட்டிக்கொண்டு வரவேண்டும் என்று அழைத்துப் போனார். மொட்டுப் பறிக்கும் நேரம். வரப்பில் கால் வைத்ததும் பாண்டியராஜ் நின்றுவிட்டார். கீழ்க்கோடியில் குனிந்து பறித்துக்கொண்டிருந்த பேச்சாயியின் தொண்டைக்குள்ளிருந்து பெரிய பிடில் வந்துகொண்டிருந்தது. இரண்டு பாத்தி தள்ளி சகாயராணி, மாதா கோயில் குரலில், பியானோவை ஒவ்வொரு சுரமாக யோசித்து யோசித்து வைத்துக்கொண்டிருந்தார். ஒச்சம்மாள் கொடியில் தொங்கிய ஈரச் சாக்கை, டிரம் பிரஷ்ஷின் தாளத்தில், கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கச்சேரி பண்ணுகிறோம் என்கிற நினைப்பும் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகக் காதில் ஏறியது வேலையோடு வேலையாக வாயில் வந்துகொண்டிருந்தது.

நான்காவது நிமிடத்தில் மூன்று பேரும் நின்றார்கள். இதற்கு மேல் என்ன வரும் என்று பாண்டியராஜுக்குத் தெரியும், அது இங்கே வராது என்றும் தெரியும். அப்போது, வயரைச் சுருட்ட வந்த சுகன்யா, கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் சேந்த கயிற்றை இழுத்தார். மோட்டார் வைத்ததிலிருந்து ஏழு வருஷமாகத் துருவேறிக் கிடந்த கயிற்றுச் சகடை ஒருமுறை 'கிரீச்' என்றது. பிறகு பெரிய பிடில் மெதுவாகத் தொடங்கியது.

அந்த மூவரின் முனகலுக்குத் தண்ணீர் ஊறவில்லை. ஊறியது இறங்கவும் இல்லை, இன்றுவரை பதினோரு முழத்திலேயே நிற்கிறது. தீபா படிப்பை முடித்து திண்டுக்கல்லில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பாண்டியராஜ் காலையில் சீக்கிரம் எழுந்து தோட்டத்துப் பக்கம் நடந்துவிட்டு வருகிறார், சர்க்கரைக்கு நல்லதென்று டாக்டர் சொன்னதாக வெளியே சொல்லிக்கொள்கிறார். போன மாதம் மோட்டார் பழுது பார்க்க வந்த ஆள் சகடையின் சத்தம் தாங்காமல் எண்ணெய் டப்பாவை எடுத்தான். நான்கு பக்கத்திலிருந்தும் நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். அவன் டப்பாவை மூடி வைத்துவிட்டு மோட்டாரைப் பார்க்கப் போனான்.